ஐந்து ரோபோக்களும் 14 பைட்டும்

நேற்று இரவு ஐந்து ரோபோக்களையும் விரிப்பில் ஓடவிட்டு, ஒன்றரை நிமிடம் கழித்து நான்காவதை அணைத்துத் தூக்கி வெளியே வைத்தேன். மற்ற நான்கும் விரிப்பில் தங்கள் பங்கில் ஒளிந்திருக்கும் காந்தங்களைத் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்தன. நான்கு நிமிடம் தாண்டியதும் மூன்றாவது தன் பங்கை முடித்துவிட்டு, நான்காவது விட்ட கட்டத்துக்கு நேராகப் போனது. ஐந்தாவது அதே பங்கின் கடைசிக் கட்டத்துக்குப் போய் அங்கிருந்து பின்னோக்கி வந்தது. இரண்டும் இடையில் எதிர்ப்பட்டு, விலகி, நின்றன. விரிப்புக்கு அடியில் ஒட்டியிருந்த எட்டு காந்தங்களும் அகப்பட்டிருந்தன. அந்த இரண்டு ரோபோக்களும் "நீ இதை எடு, நான் அதை எடுக்கிறேன்" என்று ஒரு வார்த்தைகூடப் பரிமாறிக்கொள்ளவில்லை.

இதற்கு ஏழு வாரத்து மாலைப் பொழுதுகள் ஆயின. அதில் நிறைய நேரம் தவறான திசையில் போனது. ரோபோக்கள் நிறையப் பேசினால்தான் சேர்ந்து வேலை செய்யும் என்று நினைத்து, பேச்சை எப்படிப் பெருக்குவது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சே வராதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அந்த ஏழு வாரத்தையும் நடந்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

வேலை இதுதான். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் கருப்பு ரப்பர் விரிப்பு. சுற்றிலும் மரச்சட்டம். அடியில் எங்கோ எட்டு சிறு காந்தங்கள். தரையை 50 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 12க்கு 8, மொத்தம் 96 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஏதாவது ஒரு ரோபோ முழுதாகத் தடவிப் பார்த்திருக்க வேண்டும். ரேடியோ சரியாக எட்டாத இடங்கள், அதாவது சுரங்கம், இடிபாடு, நீருக்கு அடியில் போன்றவைதான் என் மனதில் இருந்தன. மேசை அளவில் அதே நெருக்கடியை உண்டாக்கிப் பார்க்க ஆசை.

ஒரு ரோபோவில் இருப்பவை: மூளையாக ஒரு இஎஸ்பி32 பலகை, சுழற்சியை எண்ணும் என்கோடர் வைத்த இரண்டு என்20 கியர் மோட்டார்கள், 43 மில்லிமீட்டர் சக்கரங்கள், முன்னால் ஒரு உருளும் குண்டு, இரண்டு 18650 பேட்டரி செல்கள், மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலகை, முன்பக்கம் தூரம் பார்க்க விஎல்53எல்0எக்ஸ் சென்சார், வயிற்றில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் காந்தத்தை உணரும் எட்டு ஏ3144 ஹால் சென்சார்கள். பேசுவதற்கு எஸ்எக்ஸ்1276 சிப் வைத்த லோரா பலகை, அதாவது சிறு செய்திகளைத் தொலைதூரம் அனுப்பும் ரேடியோ. ஆண்டெனாவாக 86 மில்லிமீட்டர் நீளத்தில் நேரான செம்புக் கம்பி. 868 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தில் அது கால் பங்கு. முதல் ரோபோவை முடிக்க இரண்டு வாரம் ஆனது. பிறகு நான்கையும் ஒரே வாரத்தில் முடித்தேன்.

ஹால் சென்சார் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் சில ஓட்டங்களில் எட்டில் ஐந்து காந்தங்களே கிடைத்தன. ரோபோக்கள் கட்டங்களைத் தவறவிடுகின்றன என்று நினைத்து இரண்டு நாள் ஒருங்கிணைப்பு நிரலையே மாற்றி மாற்றி எழுதினேன். கடைசியில் பார்த்தால் ஏ3144 காந்தத்தின் தென்முனைக்கு மட்டுமே விழித்துக்கொள்ளும் சென்சார். மூன்று காந்தங்களை வடமுனை மேலே இருக்குமாறு ஒட்டியிருந்தேன். திருப்பி ஒட்டியதும் எட்டும் கிடைத்தன. கூட்டாக ஓடும் எதிலும் பிழை வந்தால், முதலில் ஒரே ஒரு ரோபோவைத் தனியாக முழு விரிப்பிலும் ஓடவிட்டுப் பார்த்துவிட வேண்டும். இப்போது அதை வழக்கமாகவே வைத்திருக்கிறேன். தனியாக ஓடினால் ஒன்றுக்கு 21 நிமிடம் ஆகிறது.

முதல் முயற்சியில் ஒன்றாம் ரோபோவைத் தலைவனாக வைத்தேன். மற்ற நான்கும் தாங்கள் எங்கே இருக்கிறோம், என்ன முடித்தோம் என்று அதற்குச் சொல்லும். அது யார் எங்கே போக வேண்டும் என்று சொல்லும். செய்தியைப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஜேசன் என்ற, மனிதர் படிக்கக்கூடிய எழுத்து வடிவிலேயே அனுப்பினேன், 40 பைட். அரை வினாடிக்கு ஒரு முறை, தலைவன் உட்பட ஐந்தும் அனுப்பின.

மேசைமேல் இரண்டை வைத்துப் பார்த்தபோது அழகாக வேலை செய்தது. ஐந்தையும் இயக்கியதும் குழம்பியது. மூன்றாம் ரோபோவின் செய்திகள் கிட்டத்தட்ட எல்லாம் வந்தன, இரண்டும் நான்கும் அனுப்பியவை ஏறக்குறைய ஒன்றுகூட வரவில்லை. அந்த இரண்டின் ஆண்டெனாவில்தான் கோளாறு என்று கம்பியை மாற்றிப் பற்றவைத்தேன். மாறவில்லை. பிறகு சிக்னல் வலு போதவில்லை என்று எண்ணி, லோராவின் ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை, அதாவது செய்தியை எவ்வளவு நீட்டி மெதுவாக அனுப்புவது என்ற அளவை, 7இலிருந்து 12க்கு ஏற்றினேன். தூரம் போக அதுதான் நல்லது என்று எல்லா இடத்திலும் படித்திருந்தேன். நிலைமை படுமோசமானது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் நாளே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில், ஃபேக்டர் 7இல் 40 பைட் செய்தி காற்றில் 82 மில்லி வினாடி இருக்கிறது. ஃபேக்டர் 12இல் அதே செய்தி ஏறக்குறைய 2 வினாடி. அரை வினாடிக்கு ஒரு முறை பேச வேண்டிய ரோபோ, ஒரு முறை பேசி முடிக்கவே இரண்டு வினாடி எடுத்துக்கொண்டது. ஃபேக்டர் 7லேயேகூட, 82 மில்லி வினாடி, வினாடிக்கு இரண்டு, ஐந்து ரோபோக்கள் என்று பெருக்கினால் காற்றில் 82 சதவீத நேரம் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார். இரண்டும் நான்கும் துல்லியமாக அரை வினாடி இடைவெளியில் பேசியதால், ஒருமுறை மோதியவை ஒவ்வொரு முறையும் மோதின. படிகக் கடிகாரம் அவ்வளவு சீராக இருந்ததே காரணம்.

இடைவெளியில் தாறுமாறான சிறு தாமதம் சேர்த்தேன். இப்போது எல்லோருக்கும் சமமாக, ஐந்து செய்திக்கு ஒன்று என்ற அளவில் வந்தது. அது கணக்கோடு பொருந்தியது. இஷ்டப்படி பேசவிட்டால் அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்பது, 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் அலோஹா என்ற ரேடியோ வலைப்பின்னலை ஓட்டிய காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. நான் அதை என் விரிப்பின்மேல் மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வேலை, முறை வைத்துப் பேசுவது. ஒரு சுற்று 5 வினாடி, ஒவ்வொரு ரோபோவுக்கும் அதில் ஒரு வினாடி. ஏன் இவ்வளவு தாராளம் என்றால், ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பல பகுதிகளில் ஒரு கருவி மொத்த நேரத்தில் 1 சதவீதம்தான் பேசலாம் என்று கட்டுப்பாடு உண்டு. அந்த 1 சதவீதத்தை எனக்கும் வரம்பாக வைத்துக்கொண்டேன். ஜேசனைத் தூக்கிப்போட்டு, எண்களை அப்படியே பைட்டுகளாக அடைத்து 12 பைட்டுக்குக் கொண்டுவந்தேன். அது காற்றில் 41 மில்லி வினாடி. 5 வினாடிக்கு ஒரு முறை என்றால் 0.82 சதவீதம். மோதல் முற்றிலும் நின்றுபோனது.

இந்த இடத்தில் இரண்டு மாலைகளை வீணாக்கினேன். ஐந்து கடிகாரங்களும் விலகிப்போகாமல் இருக்கத் தொடர்ந்து சரிபார்க்கும் நிரல் ஒன்று எழுதினேன், பிழையோடு. பிறகு கணக்குப் பார்த்தால், பலகையில் உள்ள படிகம் பத்து லட்சத்தில் 10 பங்கு பிசகும் என்று வைத்தாலும், எதிரெதிர்த் திசையில் பிசகும் இரண்டு ரோபோக்களுக்கு இடையே ஒரு மணி நேரத்தில் 72 மில்லி வினாடிதான் வித்தியாசம். ஒரு வினாடி முறையில் செய்தி 41 மில்லி வினாடிதான். பத்து நிமிட ஓட்டத்துக்குத் தொடக்கத்தில் ஒரே ஒரு "கிளம்பு" செய்தி போதும். அந்த நிரலை முழுதும் அழித்துவிட்டு, வேறு ரோபோவின் செய்தி காதில் விழும்போது அதன் எண்ணை வைத்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள் என்று நான்கு வரி மட்டும் வைத்தேன்.

சரி, பேச்சு ஒழுங்கானது. இப்போது தலைவன் எல்லோருக்கும் வேலை கொடுத்தான். மூன்று நாள் நன்றாக ஓடியது. நான்காம் நாள் தலைவனின் பேட்டரி இறங்கி, ஐந்தும் நின்றுபோயின. நான்கு நல்ல ரோபோக்கள் அடுத்த கட்டளைக்காகக் காத்து நின்றதைப் பார்த்தபோது, இந்த ஏற்பாடு சரிவராது என்று தெரிந்துவிட்டது.

தலைவனே வேண்டாம் என்று ஏலமுறைக்குப் போனேன். 1980இல் ரீட் ஸ்மித் எழுதிய காண்ட்ராக்ட் நெட் முறை. வேலையை ஒருவர் அறிவிப்பார், மற்றவர்கள் தங்கள் தூரத்தை விலையாகச் சொல்வார்கள், அருகில் இருப்பவருக்கு வேலை போகும். கணினித் திரையில் அருமையாக ஓடியது. விரிப்பில், அறிவிக்க ஒரு சுற்று, விலை சொல்ல ஒரு சுற்று, ஒப்படைக்க ஒரு சுற்று. மூன்று சுற்று என்றால் 15 வினாடி. ஒரு கட்டத்தைத் தேடி முடிக்க ஒரு ரோபோவுக்கு 12 வினாடி போதும். கூட இருந்து பார்த்த நண்பர் சொன்னார், "இதுங்க பேசி முடிக்கிறதுக்குள்ள வேலையே முடிஞ்சிருக்கும்பா." அது உண்மை.

நேரத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒப்படைக்கும் செய்தி ஒன்று தொலைந்தால், கொடுத்தவர் வேலை போய்விட்டது என்று நினைப்பார், வாங்க வேண்டியவர் தனக்குக் கிடைக்கவில்லை என்று நினைப்பார், கட்டம் அநாதையாகும். அதற்கு, கிடைத்தது என்று பதில் சொல்லும் ஒப்புகை வைத்தேன். ஒப்புகையும் தொலைந்தது. ஒப்புகைக்கு ஒப்புகை வைக்கக் கையெடுத்தபோதுதான் நிறுத்தினேன். தொலையக்கூடிய செய்திகளை எத்தனை பரிமாறினாலும் இருவரும் உறுதியாக ஒத்துக்கொண்டதாக ஆகாது. கணினி அறிஞர் ஜிம் கிரே 1978இல் இரு தளபதிகள் என்று பெயர் வைத்த பழைய சிக்கல் அது. அதை என்னால் தாண்ட முடியாது. ஆகவே ஒத்துக்கொள்ள வேண்டிய தேவையே வராதபடி வேலையை அமைக்க வேண்டும்.

இந்த நிலையில் ஒரு வாரம் எதையும் தொடவில்லை. ஹார்வர்டில் 2014இல் கிலோபாட் என்ற 1024 ரோபோக்களை ஓட்டிய வேலை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. மூன்று சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள குட்டி ரோபோக்கள், அகச்சிவப்பு ஒளியால் பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேசி, கூட்டமாக ஒரு உருவத்தை அமைத்தன. அத்தனைக்கும் ஒரே நிரல்தான், ஒவ்வொன்றும் தன் அக்கம்பக்கத்தைப் பார்த்து நகரும். என்னிடம் இருப்பது ஐந்துதானே.

தீர்வு ஒரு எண்ணில் ஒளிந்திருந்தது. கட்டங்கள் 96. ஒரு கட்டத்துக்கு ஒரு பிட், தேடியாயிற்று என்றால் 1, இல்லையென்றால் 0, என்று வைத்தால் 96 பிட், அதாவது சரியாக 12 பைட். "நான் இதை முடித்தேன்" என்ற செய்திக்குப் பதிலாக, தனக்குத் தெரிந்த முழு வரைபடத்தையுமே ஒவ்வொரு முறையும் அனுப்பிவிடலாம். கேட்பவர் தன் வரைபடத்தோடு சேர்த்துக்கொள்வார். இருவரில் ஒருவரிடம் 1 இருந்தாலும் அது 1. இரண்டு முறை சேர்த்தாலும் ஒன்றும் கெடாது. வரிசை மாறி வந்தாலும் கெடாது. செய்தி தொலைந்தால், அடுத்தது வரும்போது அதிலும் எல்லாமே இருக்கும். இன்னொரு நன்மை நான் எதிர்பார்க்காதது: ஐந்தாவது சொன்னதை மூன்றாவது கேட்டிருந்தால், மூன்றாவது பேசும்போது அதுவும் சேர்ந்தே போகிறது. ஒன்றாவது ஐந்தாவதை நேராகக் கேட்கவே வேண்டாம். விநியோக மென்பொருள் எழுதுவோர் 2011 முதல் சிஆர்டிடி என்று அழைக்கும், எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே முடிவு தரும் அமைப்புகளில் இது மிக எளியது.

ரோபோவின் எண்ணுக்கு ஒரு பைட், இப்போது நிற்கும் கட்டத்துக்கு ஒரு பைட். மொத்தம் 14 பைட். காற்றில் 46 மில்லி வினாடி, 5 வினாடிக்கு 0.93 சதவீதம். வரம்புக்குள் மயிரிழையில் நிற்கிறது.

வேலைப் பங்கீடு பேச்சே இல்லாமல் முன்கூட்டியே. கட்டங்களைப் பாம்பு நெளிவாக 1 முதல் 96 வரை எண்ணிட்டு, முதல் நான்கு ரோபோக்களுக்கும் தலா 19, ஐந்தாவதுக்கு 20. எல்லோரிடமும் எல்லோருடைய பங்கும் தெரியும். தன் பங்கை முன்னோக்கி முடிக்க வேண்டும். முடித்தவர் அடுத்தவருக்கு உதவப் போகும்போது, அவருடைய பங்கின் வாலில் தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும்.

இந்த வால் விதிதான் இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. உதவப் போகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. உரியவருக்கு அது தெரியாமலே இருந்தாலும், இருவரும் எதிரெதிராக வந்து ஒரே ஒரு இடத்தில்தான் சந்திப்பார்கள். இரட்டை வேலை அந்தச் சந்திப்பில் ஒன்றிரண்டு கட்டத்தோடு நின்றுவிடும். இருவர் ஒரே வாலுக்குப் போய்விடாமல் இருக்க, அடுத்த எண்ணுள்ள ரோபோவுக்கு வால், மற்றவர்களுக்கு மிச்சப் பகுதியின் நடு என்று வைத்தேன். உரியவர் இறந்திருந்தால் மட்டும் முந்தைய எண்ணுள்ளவர் தலைப்பக்கம் எடுத்துக்கொள்வார்.

இறந்துவிட்டார் என்று எப்படித் தெரியும்? மௌனத்துக்கு இரண்டு பொருள் இருக்கிறது. செய்தி தொலைந்திருக்கலாம், ஆள் இல்லாமலும் போயிருக்கலாம். கேட்பவரால் இரண்டையும் பிரிக்க முடியாது. 12 சுற்று, அதாவது 60 வினாடி, ஒருவரை நேராகக் கேட்கவில்லை என்றால் இல்லை என்று வைத்துக்கொள் என்று முடிவு செய்தேன். அது தப்பாகப் போனால் என்ன நட்டம் என்பதைத்தான் பார்த்தேன். உயிரோடு இருப்பவரை இல்லை என்று நினைத்தால் சில கட்டங்கள் இரண்டு முறை தேடப்படும். இல்லாதவரை இருக்கிறார் என்று நம்பினால் கட்டங்கள் தேடப்படாமலே போகும். முதல் தப்பைத் தாங்கலாம், இரண்டாவதைத் தாங்க முடியாது.

இதை எழுதி ஏற்றியதும் வந்த முதல் பிரச்சினை ரேடியோ சம்பந்தப்பட்டதே அல்ல. இரண்டும் மூன்றும் நேருக்கு நேர் வந்தன. விதிப்படி இரண்டும் பின்வாங்கி, தாறுமாறான நேரம் காத்திருந்து, மறுபடி முன்னேற வேண்டும். பின்வாங்கின, காத்திருந்தன, ஒரே நொடியில் முன்னேறின. மறுபடி, மறுபடி. நான்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டங்களைத் திரும்ப அதேபோல் ஓட்டிப்பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எல்லா ரோபோக்களுக்கும் ஒரே விதை எண்ணை, அதாவது தாறுமாறு எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்ணை, கொடுத்திருந்தேன். ஐந்தின் "தாறுமாறும்" ஒன்றேதான். விதையோடு ரோபோ எண்ணைக் கூட்டியதும் சரியானது.

இரண்டாவது பிரச்சினை கொஞ்சம் ஆழமானது. கட்டத்துக்குள் நுழையும்போதே அந்தப் பிட்டை 1 ஆக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ரோபோ நுழைந்தவுடன் அணைந்தால், தேடப்படாத கட்டம் தேடியதாகப் பதிவாகிறது. இந்த வரைபடத்தில் 1 ஆனதை 0 ஆக்க வழியே இல்லை, அதுதான் அதன் பலம். ஒரு பொய் நுழைந்தால் அது எல்லோரிடமும் பரவி நிரந்தரமாகிவிடும். கட்டத்தை விட்டு வெளியேறும்போது குறிக்குமாறு மாற்றினேன். இதே காரணத்தால் சக்கரம் வழுக்குவதும் ஆபத்தானது. ஒரு கட்டம் தள்ளி நிற்கும் ரோபோ தவறான கட்டங்களை முடித்ததாகச் சொல்லும். 6 மீட்டர் நேராக ஓடினால் என் ரோபோக்கள் 9 சென்டிமீட்டர் வரை விலகின. மரச்சட்டத்தை எட்டும் ஒவ்வொரு முறையும் முன் சென்சாரால் தூரம் பார்த்து இடத்தைத் திருத்திக்கொள்ளச் செய்தபின் அது 3 சென்டிமீட்டருக்குள் வந்தது.

நடுவில் ஒரு நல்லதும் நடந்தது. மூன்றாம் ரோபோவின் மோட்டார் இரண்டும் ஒன்றாகக் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆனது. வரைபடம் முழுதும் காலி. ஆனால் ஒரே ஒரு செய்தி காதில் விழுந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. நான் அதற்கென்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை, அதனால் அசையாமல் நின்றது. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பலகைக்கு அருகில் பற்றவைத்ததும் மறுதொடக்கம் நின்றது.

இனி சோதனை. இந்தச் சின்ன விரிப்பில் லோரா செய்தி தானாகத் தொலையாது, சுவர் தாண்டியும் போகும். ஆகவே கேட்கும் பக்கத்தில் பகடை வைத்தேன்: வந்த செய்தியை இத்தனை சதவீதம் தூக்கிப்போடு என்று. 0 சதவீத இழப்பிலும் 90 சதவீத இழப்பிலும் ஓட்டினால், நேரம் ஏறக்குறைய ஒன்றே. ஒரு நாள் முழுதும் மகிழ்ச்சியாக இருந்தேன். மறுநாள் ரேடியோவை அடியோடு அணைத்தும் பார்த்தேன். அப்போதும் கடைசிக் கட்டம் தேடப்பட்ட நேரம் மாறவில்லை. பங்குகள் சமம், ரோபோக்கள் சமம், யாரும் கெட்டுப்போகவில்லை. பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை. என் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

அதனால் ஓட்டத்தை வேண்டுமென்றே கோணலாக்கினேன். இரண்டாம் ரோபோவின் வேகத்தைப் பாதியாக்கினேன். நான்காவதை 90ஆவது வினாடியில் அணைத்தேன். ஒவ்வொரு நிலையிலும் மூன்று ஓட்டம். கடைசி ரோபோவும் வேலை முடிந்தது என்று நிற்கும்வரை எண்ணிய சராசரி: இழப்பு இல்லாமல் 6 நிமிடம் 20 வினாடி, இரண்டு முறை தேடப்பட்ட கட்டங்கள் 5. பாதிச் செய்தி தொலைந்தால் 6 நிமிடம் 35, கட்டங்கள் 8. 80 சதவீதம் தொலைந்தால் 7 நிமிடம் 20, கட்டங்கள் 17. 90 சதவீதத்தில் 9 நிமிடம் 40, கட்டங்கள் 31. எந்த ஓட்டத்திலும் ஒரு காந்தம்கூடத் தவறவில்லை. ரேடியோவை முழுதும் அணைத்தால் எல்லாக் கட்டமும் ஏழு நிமிடத்துக்குள் தேடப்பட்டுவிட்டது, ஆனால் அது யாருக்கும் தெரியாததால் மிஞ்சிய நான்கும் 20 நிமிடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தன.

80க்கும் 90க்கும் நடுவில் ஏன் இப்படி வழுக்குகிறது என்று பார்த்தேன். 12 செய்திகளும் தொடர்ந்து தொலையும் வாய்ப்பு, பாதி இழப்பில் 4096இல் ஒன்று. 80 சதவீத இழப்பில் 7 சதவீதம். 90இல் 28 சதவீதம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களையே ரோபோக்கள் இல்லை என்று எண்ணி அவர்கள் பங்குக்குள் நுழைந்தன. 60 வினாடியை 120 ஆக்கிப் பார்த்தேன். 90 சதவீதத்தில் இரட்டை வேலை குறைந்தது, ஆனால் உண்மையில் இறந்தவரின் பங்கு அதிக நேரம் கிடந்தது. என் விரிப்புக்கு 60தான் சரி. பெரிய இடத்துக்கு வேறு எண் வரும்.

ரேடியோ இல்லாமலே ஒரு மாலை முயன்றதையும் எழுதிவிடுகிறேன். ரோபோவின் வாலில் சுண்ணக்கட்டியைக் கட்டி, போன வழியில் கோடு விழச் செய்தேன். கோட்டைக் கண்டவர் இங்கே வேலை முடிந்தது என்று திரும்பிவிடுவார். கரையான்கள் புற்றுக் கட்டுவதைப் பார்த்து 1959இல் விலங்கியலாளர் பியர் பால் கிராஸே சொன்னது இதைத்தான்: செய்த வேலையே அடுத்தவருக்குச் செய்தி. முதல் பத்து நிமிடம் மனதுக்கு நிறைவாக இருந்தது. அப்புறம் முன்குண்டுகள் கோட்டைத் தேய்த்து விரிப்பெங்கும் வெள்ளையாக்கிவிட்டன. அழியாத, மறுநாள் துடைக்கக்கூடிய ஏதாவது கிடைத்தால் இதற்குத் திரும்புவேன்.

செலவு என்று பார்த்தால் நேரம்தான் பெரிது. உடைந்தவை இரண்டு மோட்டார், ஆண்டெனா இல்லாமல் இயக்கிப் பார்த்த பிறகு செத்துப்போன ஒரு லோரா பலகை. பேட்டரியில் ஆச்சரியமான கணக்கு ஒன்று கிடைத்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு ரோபோ 720 முறை பேசுகிறது. அனுப்பும்போது 29 மில்லி ஆம்பியர் என்றால் மொத்தம் 0.27 மில்லி ஆம்பியர்-மணிதான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் முழுதும் காதைத் திறந்து வைத்திருப்பதால் கேட்பதற்கு 11 மில்லி ஆம்பியர்-மணி போகிறது. பேசுவதைவிட நாற்பது மடங்கு. யார் எப்போது பேசுவார் என்று தெரியும் என்பதால், ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 100 மில்லி வினாடி மட்டும் கேட்டால் போதும். மோட்டார்கள் தின்பதற்கு முன் இது சிறியதே, ஆனாலும் அடுத்த முறை செய்வேன்.

அடுத்ததில் மாற்ற வேண்டியது முக்கியமாக ஒன்று. தொடக்கத்தில் நான்காவதை அணைத்து "தூக்கி வெளியே வைத்தேன்" என்று எழுதினேனே, அது இந்தப் பதிவின் பலவீனமான இடம். முதன்முறை தூக்காமல் விட்டபோது, இறந்த ரோபோ நின்ற கட்டத்துக்குள் நுழைய மூன்றாவது முயன்றுகொண்டே இருந்தது. முடியவில்லை என்று விட்டுவிடச் செய்தால், அடுத்து வருபவரும் அதே கட்டத்தை முயல்வார், ஏனென்றால் "முயன்றேன், முடியவில்லை" என்று சொல்ல ஒரு பிட்டில் இடம் இல்லை. கட்டத்துக்கு இரண்டு பிட் வேண்டும்: தேடவில்லை, தடை இருக்கிறது, தேடியாயிற்று. பெரியது எதுவோ அதை வைத்துக்கொள் என்றால் சேர்க்கும் முறை அப்படியே நிற்கும். ஆனால் செய்தி 26 பைட் ஆகும், காற்றில் 62 மில்லி வினாடி, 1 சதவீதத்துக்குள் இருக்கச் சுற்றை 6.5 வினாடியாக நீட்ட வேண்டும். அப்போது 12 சுற்று மௌனம் 78 வினாடி. இறந்தவரைக் கண்டுபிடிக்க 18 வினாடி கூடுதல்.

நேற்று ராத்திரியே இரண்டு பிட் வரைபடத்தைப் பாதி எழுதிவிட்டேன். நான்காம் ரோபோவை இந்த முறை விரிப்பிலேயே விட்டுவிட்டு ஓட்டப்போகிறேன்.